கொக்கட்டீல் மரக்கறியைத் தொடவில்லையா? பட்டினி மட்டும் போடாதீர்கள்

கேள்வி (வெள்ளவத்தை வாசகி ஒருவர்): எங்களிடம் இரண்டு வயதுக் கொக்கட்டீல் (தலையில் கொண்டையுள்ள சின்னக் கிளி) ஒன்று இருக்கிறது. சூரியகாந்தி விதை, தினை தவிர எதையும் தொடாது. கரட், வெள்ளரிக்காய், கீரை என்று தினம் ஒன்றாக மாற்றி வைத்துப் பார்த்தேன். கரட் துண்டைக் கண்டாலே கூட்டின் மறுமூலைக்கு ஓடுகிறது. வாங்கிய கடையில் கேட்டேன். இரண்டு நாள் விதையை நிறுத்துங்கள், பசித்தால் தானாகத் தின்னும் என்று சொல்லி, தண்ணீரில் கலக்க ஒரு விட்டமின் போத்தலும் தந்தார்கள். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். முதலில் விதைக் கிண்ணத்தைத் திரும்ப வையுங்கள், மற்றதைப் பிறகு கதைப்போம்.

உங்கள் பறவை ஏறக்குறைய 100 கிராம்தான் இருக்கும். அந்த உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு முழு நாள் வெறும் வயிறு என்றாலே ஆபத்து, இரண்டு நாள் என்றால் சில பறவைகள் எழும்பாது. பசித்தால் தின்னும் என்பது நாய்க்குச் சரியாக இருக்கலாம். கரட் சாப்பாடு என்றே தெரியாத பறவை, கிண்ணம் நிறையக் கரட் இருக்க அதன் பக்கத்திலேயே பட்டினி கிடக்கும். உங்கள் முன்னால் ஒரு தட்டு நிறையப் பிளாஸ்டிக் பூவை வைத்து இரண்டு நாள் பூட்டி வைத்தால் நீங்கள் பூவைத் தின்பீர்களா?

நமக்குக் கிளி என்றால் கொவ்வைப்பழம், மிளகாய்ப்பழம் எல்லாம் நினைவுக்கு வரும். கொக்கட்டீல் அந்த இனம் இல்லை. அதன் முன்னோர் ஆஸ்திரேலியாவின் வறண்ட பக்கங்களில் கூட்டமாக நிலத்தில் இறங்கிப் புல்விதை பொறுக்கியவை. குஞ்சுப் பருவத்தில் எதைக் கண்டதோ, பக்கத்தில் இருக்கும் பறவை எதைத் தின்றதோ, அதுதான் அதற்குச் சாப்பாடு. கடைக்கூட்டில் தினையையும் சூரியகாந்தியையும் மட்டுமே பார்த்து வளர்ந்த குஞ்சுக்கு ஆரஞ்சு நிற வட்டத்துண்டு பயங்கரமான பொருளாகத்தான் தெரியும். அதனால் இதைப் பிடிவாதம் என்று நினைத்துக் கோபப்பட வேண்டாம்.

சரி, விதை மட்டும் போதாதா? போதாது. சூரியகாந்தியில் கொழுப்பு அதிகம், வருடக்கணக்கில் அதுவே உணவானால் ஈரல் கெடும். விதைகளில் விட்டமின் ஏ மிகக் குறைவு. அது குறைந்தால் வாய்க்குள் வெள்ளைப் புள்ளிகள், கண் வீக்கம், திரும்பத் திரும்பச் சளி வரும். இதற்கு மருந்து உங்கள் குசினியிலேயே இருக்கிறது: பூசணி, கரட், முருங்கை இலை. வெள்ளரிக்காயை விடுங்கள், அதில் பெரும்பாலும் தண்ணீர்தான்.

அந்தப் போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வார்த்தையோடு நிற்காது, மன்னிக்கவும். தண்ணீரில் கலந்த விட்டமின் வெளிச்சத்திலும் சூட்டிலும் சீக்கிரம் வீணாகிவிடும். கொழும்பு வெயிலில் மத்தியானமாகும்போது கிண்ணத்தின் உள்பக்கம் வழுவழுப்பாகியிருக்கும், தொட்டுப் பாருங்கள். சுவை மாறுவதால் பறவை தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடும். இன்னும் மோசம், சில கடைகளில் விட்டமின் என்ற பெயரில் தருவது அண்டிபயோடிக் தூள். லேபிளே இல்லாத சின்னப் பைக்கற்றில் மஞ்சள் தூள் தந்தால் வாங்காதீர்கள். என்னிடம் வரும் பறவைகளில் பாதி இப்படி ஏதோ ஒரு தூளைக் குடித்த பிறகுதான் வருகின்றன, அப்புறம் நான் கொடுக்கும் மருந்து வேலை செய்யவில்லை என்றால் குற்றம் எனக்கு. இதை யார் தட்டிக் கேட்பது? மிருக வதைக்கு எதிரான நம் சட்டம் 1907இல் எழுதியது, அதில் அபராதம் 100 ரூபாய். அதற்குப் பதிலாகப் புதிய சட்டமூலம் ஒன்று 2006இல் தயாரானது, அது எத்தனை அரசாங்கங்களைப் பார்த்துவிட்டது என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். கடைக்காரருக்கு என்ன பயம்?

இனி வேலைக்கு வருவோம். மரக்கறி வாங்க முன் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள், குசினியில் மா நிறுக்கிறார்களே, ஒரு கிராம் வரை காட்டும் அதே தராசு. தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன் பறவையை நிறுத்து எழுதுங்கள். தொடங்கிய நாள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், 90 கிராம் பறவை 81 கிராமுக்கு வந்தால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். கண்ணால் பார்த்து மெலிந்ததா என்று சொல்ல முடியாது, இறகு மறைத்துவிடும். கிண்ணத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. உமி மேலே கிடக்கும், கிண்ணம் நிறைய விதை இருப்பதுபோலத் தெரியும், கீழே ஒன்றும் இருக்காது. இப்படி நிறைந்த கிண்ணத்தோடு செத்த பறவைகளைக் கண்டிருக்கிறேன். தினமும் உமியை ஊதிவிட்டுப் பாருங்கள்.

இரவு விதைக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், அது எப்படியும் தூங்கும் நேரம்தான். காலையில் முதலில் மரக்கறி, ஒரு மணித்தியாலம், கூடினால் ஒன்றரை. தின்றாலும் தின்னாவிட்டாலும் அதன் பிறகு விதை வந்துவிட வேண்டும். வட்டமாக வெட்டாதீர்கள். பூசணியை அவித்து உப்பில்லாமல் மசித்து, மேலே அதற்குத் தெரிந்த தினையைத் தூவி லேசாக அழுத்துங்கள். தினையைப் பொறுக்கும்போது அலகில் பூசணி ஒட்டும், தலையை உதறும், சுவரெல்லாம் மஞ்சளாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். முருங்கை இலையை ஒரு கொத்தாகக் கழுவி, ஈரத்தோடு, உடுப்புக் கிளிப்பால் அது வழக்கமாக உட்காரும் தடிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சின்னச் சின்ன இலை என்பதால் அவ்வளவு பயப்படாது, முதலில் கிழித்து விளையாடும். அதுவே நல்ல தொடக்கம்.

கறிமிளகாயையும் பச்சைமிளகாயையும் இரண்டாகப் பிளந்து விதையோடு வையுங்கள். பலருக்கு நம்பிக்கை வராது, ஆனால் பறவைகளுக்கு மிளகாயின் உறைப்புத் தெரியாது, உள்ளே இருக்கும் விதை மட்டும்தான் கண்ணில் படும். அதே காரணத்துக்காக, தினையையும் பயறையும் ஊற வைத்து முளை எட்டிப் பார்க்கும்போது கொடுக்கலாம். அது விதையும்தான், பச்சையும்தான். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் முளை சீக்கிரம் கெடும், நாளுக்கு இரண்டு மூன்று தடவை அலசுங்கள், சற்று நாறினாலும் குப்பையில் போடுங்கள்.

நீங்கள் செய்த பிழை, தினம் ஒன்றாக மாற்றியது. ஒரே மரக்கறியை இரண்டு மூன்று கிழமை தொடர்ந்து வையுங்கள், பயம் தெளியட்டும். அதற்கு முன்னால் உட்கார்ந்து நீங்களும் அதையே கொறியுங்கள். கூட்டப் பறவை, இப்போது அதன் கூட்டம் நீங்கள்தான். சில பறவைகளுக்கு இது மாதக்கணக்கில் இழுக்கும்.

இலை தின்னத் தொடங்கியதும் எச்சம் தண்ணீராகும். வயிற்றோட்டம் என்று பயந்து கடைக்கு ஓடாதீர்கள், மஞ்சள் தூள் காத்திருக்கிறது. தண்ணீர் கூடி, நடுவில் கெட்டியான பகுதி உருவம் மாறாமல் இருந்தால் அது மரக்கறியின் ஈரம்தான். எச்சம் மிகக் கொஞ்சமாக, கடும் பச்சையாக வந்தால் பறவை தின்னவில்லை.

இதையெல்லாம் தொடங்கக் கூடாத ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். உங்களுடையது பெட்டையா? கடைக்காரர் சேவல் என்றுதான் சொல்லியிருப்பார், பாடும் என்று எல்லாவற்றையும் சேவலாகவே விற்கிறார்கள். சாதாரணச் சாம்பல் நிறம் என்றால், வளர்ந்த சேவலுக்கு முகம் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும், பெட்டைக்கு முகம் மங்கல், வாலின் அடிப்பக்கத்தில் குறுக்குக் கோடுகள் இருக்கும். வெள்ளை மஞ்சள் நிறப் பறவை என்றால் இந்தக் கணக்கு அவ்வளவு சரிவராது, வாலை வெளிச்சத்தில் பிடித்தால் சிலவற்றில் கோடு தெரியும். ஏன் கேட்கிறேன் என்றால், பெட்டை தனியாக இருந்தாலும் முட்டையிடும். விதை மட்டும் தின்ற பெட்டைக்குக் கல்சியம் போதாமல் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். மூலையைத் தேடிக் கடதாசி கிழித்தால், எச்சம் வழக்கத்தைவிடப் பெரிதாகி நாறினால், முட்டைக்குத் தயாராகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் விதையில் கை வைக்க வேண்டாம், கல்சியத்துக்குக் கணவாய் ஓடு ஒன்றைக் கூட்டில் கட்டிவிட்டு முட்டையிட்டு முடியும்வரை பொறுங்கள். கூட்டின் அடியில் உட்கார்ந்து, வால் மேலும் கீழும் ஆட, மூச்சு வாங்கினால் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள். எந்த வைத்தியரிடம் என்று கேட்காதீர்கள். கொழும்பில் நாய் பூனை பார்க்கும் கிளினிக் வேண்டிய அளவு இருக்கிறது, பறவையைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர்களைக் கைவிரலில் எண்ணலாம், மிருக வைத்தியப் பீடமோ நாட்டில் பேராதனையில் ஒன்றே ஒன்று. அதனால் இப்போதே போன் எடுத்து, பறவை பார்ப்பீர்களா என்று நாலு இடத்தில் கேட்டு வையுங்கள்.

எந்த மரக்கறியும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கூட்டில் இருக்கக் கூடாது. வெண்ணெய்ப்பழம், சந்தையில் அலிகெட்டபேர என்பார்களே, அது ஒரு துண்டும் வேண்டாம், பறவைக்கு நஞ்சு. வெங்காயம், உள்ளி, உப்புப் போட்ட சுண்டல், சொக்லட், தேத்தண்ணி எதுவும் வேண்டாம்.

தராசு வந்ததும் முதல் ஏழு நாள் எதையும் மாற்றாமல் எடையை மட்டும் எழுதி, வாலின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். பூசணி எட்டாம் நாள்.