ஸ்காட்ச்சை ஒப்பிட்டு ருசிப்பது எப்படி: கேள்வி பதில்

கேள்வி: சார், பிளாக் லேபல் பழகிப்போச்சு. சிங்கிள் மால்ட் பக்கம் போகணும். முதல்ல எந்த பாட்டில் வாங்கலாம்?

சிங்கிள் மால்ட் என்பது ஒரே ஆலையில், மால்ட் செய்த (முளைகட்டி உலர்த்திய) பார்லியில் மட்டும் வடித்தது; பிளாக் லேபல் பல ஆலைகளின் விஸ்கிகளைக் கலந்த பிளென்டட் ஸ்காட்ச். ஒரு பாட்டில் மட்டும் வாங்கினால் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதோடு நின்றுவிடும். எதனால் பிடிக்கிறது என்று புரிய, பக்கத்தில் இன்னொன்று வேண்டும். நண்பரோடு பங்கு போட்டாவது இரண்டு வாங்குங்கள்: கிளென்லிவெட் 12, டாலிஸ்கர் 10 (எண்கள் பீப்பாயில் இருந்த ஆண்டுகள்). முதலாவது ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியைச் சேர்ந்தது. ஆப்பிள், அன்னாசி, வெனிலா வாசனை. இரண்டாவது ஸ்கை தீவைச் சேர்ந்தது. மிளகுக் காரம், கடற்கரை உப்பு, மிதமான புகை. மூன்றாவது கிளாஸில் உங்கள் பிளாக் லேபலை ஊற்றிக்கொள்ளுங்கள். அதில் உள்ள பழ வாசனையும் புகையும் முதல் முறையாகத் தனித்தனியாகத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, வழுவழுப்பு தருவது கிரெய்ன் விஸ்கி, அதாவது கோதுமை, சோளம் போன்ற தானியங்களில் வடித்தது.

கேள்வி: அதே மாதிரி ஊத்திப் பார்த்தேன். டாலிஸ்கர்தான் "ஸ்ட்ராங்", மத்தது தண்ணி மாதிரி இருக்கு. என் நாக்குல கோளாறா?

நாக்கில் ஒன்றும் இல்லை. டாலிஸ்கர் 45.8 சதவீதம், கிளென்லிவெட் 40. சாராய வீரியம் கூடினால் காரமும் கனமும் கூடத்தான் செய்யும். அந்த வித்தியாசத்தைச் சுவை வித்தியாசம் என்று எடுத்துக்கொள்வதுதான் ஒப்பிடும்போது அதிகம் நடக்கும் தவறு. முதலில் வீரியத்தைச் சமமாக்குங்கள். கணக்கு எளிது: இருக்கும் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, ஊற்றிய அளவால் பெருக்குங்கள். 20 மில்லி டாலிஸ்கரை 40-க்கு இறக்க ஏறக்குறைய 3 மில்லி தண்ணீர். 60 சதவீதம் உள்ள கிளென்ஃபார்க்ளாஸ் 105-இல் 20 மில்லி எடுத்தால் 10 மில்லி. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று போதும்.

இன்னொன்று: இந்தியாவில் பாட்டில் செய்யப்படும் பிளென்டட் ஸ்காட்ச் பலவற்றில் 42.8 என்று இருக்கும். பழைய பிரிட்டிஷ் அளவில் 75 டிகிரி ப்ரூஃப் என்பதுதான் அது. வெளிநாட்டு பாட்டிலோடு ஒப்பிடும்போது லேபிளைப் பாருங்கள்.

கேள்வி: தண்ணி கலந்தா விஸ்கி கெட்டுடும்னு சொல்றாங்களே?

கெடாது. விஸ்கிகளைத் தேர்ந்து கலக்கும் பிளென்டர்கள் மாதிரிகளை முகரும்போது 20 சதவீதம் அளவுக்கு நீர்த்துத்தான் முகர்கிறார்கள். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணினி மாதிரியில் சோதித்தார்கள். புகை வாசனைக்குக் காரணமான குவாயகால் மூலக்கூறு, வீரியம் 45 சதவீதம்வரை இருக்கும்போது மேற்பரப்பில் கூடுகிறது. 59-க்கு மேல் போனால் எத்தனாலுக்குள்ளேயே அமிழ்ந்துவிடுகிறது என்று கண்டார்கள்.

ஆனால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். போர்வெல் உப்புத் தண்ணீரும் குளோரின் மணக்கும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரோ, தாது குறைந்த பாட்டில் தண்ணீரோ சரி. முதலில் தண்ணீர் இல்லாமல் ஒரு மிடறு. பிறகு அரை மில்லி, அரை மில்லியாகச் சேருங்கள். சேர்த்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: எங்க ஊர் வெயில்ல எல்லாமே ஸ்பிரிட் வாசனைதான் அடிக்குது. ஐஸ் போடட்டுமா அண்ணா?

33 டிகிரி அறையில் எத்தனால் வேகமாக ஆவியாகி மூக்கை அடைத்துவிடும். ஸ்காட்லாந்தின் அறை வெப்பம் வேறு. 20 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. ஏசி அறை இல்லையென்றால் பாட்டிலை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஐஸ் வேண்டாம், அது வாசனையை அமுக்கும், கரையக் கரைய வீரியத்தையும் மாற்றிக்கொண்டே போகும், ஒப்பீடு குலையும். ரசித்துக் குடிக்கும் நாளில் தாராளமாகப் போடுங்கள். ஒரு பங்கு விஸ்கி, மூன்று பங்கு நன்றாகக் குளிர்ந்த சோடா என்பது பிளாக் லேபலுக்கு அருமையாகப் பொருந்தும்.

கேள்வி: முகர்ந்து பார்க்கிறதுக்கு முறை இருக்கா?

இருக்கிறது, ஒப்பீட்டில் பாதி வேலை அதுதான். வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். கிளென்கெய்ர்ன் கிளாஸ் இதற்கென்றே செய்தது. இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ். அகல வாய் டம்ளரில் வாசனை தங்காது. 15 மில்லி ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். ஒயினைப் போல வேகமாகச் சுழற்றக் கூடாது, சாராய ஆவிதான் முதலில் எழும். கிளாஸை முகவாய்க்கு நேராகப் பிடித்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வாயை லேசாகத் திறந்து வைத்து முகர்ந்தால் எரிச்சல் குறையும். விளிம்பின் கீழ்ப்பக்கத்தில் கனமான வாசனைகள், மேல்பக்கத்தில் பழமும் பூவும். மூக்கு மரத்துப்போனால் உங்கள் முழங்கை மடிப்பை முகருங்கள். சொந்தத் தோல் வாசனைக்கு மூக்கு பழகியிருப்பதால் அது ஓய்வெடுத்துக்கொள்ளும்.

கிளாஸை முகர்ந்துவிட்டு ஊற்றுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தின் எலுமிச்சை மணம், ஈரத்துணியின் பூஞ்சை மணம் இரண்டுமே விஸ்கியில் ஏறிக்கொள்ளும். வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும்.

கேள்வி: ஐலா தீவு விஸ்கின்னாலே புகைதானே?

இல்லை. பூனஹாவன் 12-ஐ முகர்ந்து பாருங்கள்: உலர்திராட்சை, கொட்டை, லேசான உப்பு, புகை கிடையாது. புருக்லாடியின் கிளாசிக் லாடியும் புகையில்லாததே. பார்லியை உலர்த்தும்போது பீட் எரித்தார்களா என்பதுதான் கணக்கு. பீட் என்பது சதுப்பு நிலத்தில் மக்கி இறுகிய தாவர மண். அதன் புகையிலுள்ள பீனால்கள் பார்லியில் ஒட்டிக்கொள்கின்றன.

லேபிளில் பார்க்கும் பிபிஎம் எண்ணை (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பீனால் என்பதை) அப்படியே நம்பவும் வேண்டாம். அது மால்ட் செய்த பார்லியில் அளந்தது. பாட்டிலில் இருப்பது அதைவிட வெகு குறைவு. ஐலாவின் லக்கவூலின், கல் ஈலா இரண்டுக்கும் அதே தீவின் போர்ட் எல்லன் மால்ட் ஆலையில் இருந்தே மால்ட் வருகிறது, பிபிஎம் ஏறக்குறைய 35. ஆனாலும் கல் ஈலா 12 மெலிதான, எலுமிச்சை கலந்த சாம்பல். லக்கவூலின் 16 கனமான, இனிப்பான தார்ப்புகை. வடிகலத்தின் வடிவம், அதை எவ்வளவு நிரப்புகிறார்கள், வடிந்து வருவதில் எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் (சேகரிப்பதை நிறுத்துகிறார்கள்) என்பதெல்லாம் இதில் அடக்கம். பீனால்கள் வடிப்பின் பிற்பகுதியில்தான் அதிகம் வரும், தாமதமாக வெட்டினால் புகை கூடும். இரண்டுமே 43 சதவீதம். தண்ணீர்க் கணக்கே தேவையில்லை.

கேள்வி: ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறுகிற மாதிரி ஜோடிகள் சொல்லுங்களேன்.

கிடைத்தால் முதலில் கேம்பல்டவுனின் ஸ்பிரிங்பேங்க் ஆலையில் வரும் மூன்று: ஹேசல்பர்ன் 10, ஸ்பிரிங்பேங்க் 10, லாங்ரோ. ஒரே ஆலை, மூன்றும் 46 சதவீதம், குளிர் வடிகட்டலோ (கலங்காமலிருக்கக் குளிரவைத்து வடிகட்டுவது) கேரமல் நிறமோ கிடையாது. ஹேசல்பர்ன் பீட் இல்லாமல் மூன்று முறை வடித்தது. ஸ்பிரிங்பேங்க் மிதமான பீட். ஒரு பகுதியை இரண்டு முறையும் இன்னொரு பகுதியை மூன்று முறையும் வடிப்பதால் இரண்டரை முறை என்பார்கள். லாங்ரோ கனமான பீட், இரண்டு முறை. இந்த வரிசையிலேயே குடியுங்கள். ஹேசல்பர்னில் பேரிக்காயும் தேனும் லேசாக ஓடும். ஸ்பிரிங்பேங்கில் அதே பழத்தின் மேல் எண்ணெய்ப்பசையும் உப்பும் ஏறும். லாங்ரோவில் புகை மேலெழுந்தாலும் அடியில் அந்த எண்ணெய்ப்பசை அப்படியே இருக்கும். ஆலையின் கைவண்ணம் எது, பீட் கொண்டுவருவது எது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் மூன்று கிளாஸ் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. இந்தியாவில் கிடைப்பது அரிது; வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லி வைப்பது மேல்.

பீப்பாய் மரத்தைப் புரிந்துகொள்ள மெக்காலன் 12 டபுள் காஸ்க், மெக்காலன் 12 ஷெரி ஓக் (ஷெரி என்பது ஸ்பெயின் நாட்டு ஒயின்). முன்னதில் அமெரிக்க ஓக்கின் வெனிலாவும் டாஃபியும், பின்னதில் உலர்திராட்சை, கிராம்பு, இஞ்சி.

கேள்வி: 18 வருஷம்னா 12-ஐ விட உசத்திதானே?

விலையில் உசத்தி. லேபிளில் உள்ள வயது, கலந்ததிலேயே இளைய விஸ்கியின் வயது. சட்டப்படி குறைந்தது மூன்று ஆண்டு ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும், பீப்பாய் 700 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. பீப்பாயை எத்தனையாவது முறை நிரப்புகிறார்கள் என்பது வயதைவிடப் பெரிய விஷயம். சோர்ந்துபோன பீப்பாயில் 18 ஆண்டு இருந்ததைவிட முதல் நிரப்பில் 10 ஆண்டு இருந்தது செறிவாக இருக்கலாம். புகை விரும்பி என்றால் இளையதே நல்லது. வயது ஏற ஏற புகை அடங்கும். பாட்டிலில் வயது ஏறாது, தாத்தா வாங்கி வைத்த 12 இன்றும் 12-தான்.

கேள்வி: கருத்த நிறம் இருந்தா நல்ல பீப்பாய்னு அர்த்தமா?

இல்லை. கேரமல் நிறம் சேர்க்க ஸ்காட்ச் சட்டம் அனுமதிக்கிறது. நிறத்தை ஒதுக்கிவிட்டு மூக்கை நம்புங்கள்.

கேள்வி: தண்ணி ஊத்தினதும் கலங்கிப்போச்சு. போலியா?

பெரும்பாலும் நல்ல அறிகுறி. மால்ட்டில் உள்ள கொழுப்பு அமில எஸ்டர்கள் 46 சதவீதத்துக்குக் கீழே, குளிரிலும் பிரிந்து வெண்மையாகத் தெரியும். இதைத் தவிர்க்கத்தான் பல நிறுவனங்கள் குளிரவைத்து வடிகட்டுகின்றன. அப்படிச் செய்யாத ஆர்ட்பெக் 10-இல் ஐந்தாறு மில்லி குளிர்ந்த நீர் விட்டால் மங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி: ஷெரி பீப்பாய் விஸ்கி ஒண்ணுல தீக்குச்சி உரசின வாசனை. பாட்டில் கெட்டுப்போச்சா?

அது கந்தகம். காலிப் பீப்பாய் கெடாமலிருக்க உள்ளே கந்தகத்தை எரிப்பது பழைய வழக்கம், அதன் மிச்சம். கிளாஸில் 20 நிமிடம் திறந்து வையுங்கள், பெரும்பாலும் குறையும். அழுகிய முட்டை போல நின்றுவிட்டால் அந்த பாட்டில் அப்படித்தான். சிலருக்கு இது துளியும் தெரியாது. நண்பர் மறுத்தால் சண்டை வேண்டாம்.

கேள்வி: ஒரே உட்காரலில் எத்தனை ஒப்பிடலாம்? சைடிஷ் என்ன?

நான்கு போதும். தலா 15 மில்லி என்றால் மொத்தம் 60 மில்லி, ஒரு லார்ஜ் பெக். அதற்கு மேல் மூக்கு தீர்ப்பு சொல்லாது. வீரியம் குறைந்ததும் புகையில்லாததும் முதலில், ஐலா கடைசியில். ஐலாவின் புகை மிகுந்த லஃப்ரோய்கை முதலில் குடித்தால் அடுத்த மூன்றும் சாம்பலாகவே தெரியும். காரக்கடலை, மிக்சர், சில்லி சிக்கன் எல்லாம் முடிந்த பிறகு: மிளகாய்க் காரமும் எத்தனாலும் ஒரே நரம்பைத்தான் சுடும். இடையில் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும். வண்டி எடுப்பதாக இருந்தால் அன்று முகர்வதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: விலை அதிகமானதை என்னால கண்டுபிடிக்க முடியும்னு நண்பர் பந்தயம் கட்டுறார். எப்படிச் சோதிக்கிறது?

மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. எது வேறு என்று அவர் சொல்ல வேண்டும். வீரியம் சமமாக இருக்கட்டும், நிறம் தெரியாதபடி கிளாஸைக் காகிதத்தால் சுற்றிவிடுங்கள், ஊற்றுபவர் அறையில் இருக்கக் கூடாது. தலா 5 மில்லி, ஆறு சுற்று. குருட்டாம்போக்கில் சொன்னால் சராசரியாக இரண்டு சுற்று சரியாக வரும். ஐந்தோ ஆறோ சரியாக வர 2 சதவீத வாய்ப்புக்கும் குறைவு. ஐந்து சரியாகச் சொன்னால் வித்தியாசம் தெரிகிறது என்று ஒப்புக்கொள்ளலாம். எது விலை கூடியது என்பது அதற்குப் பிறகு வேறு கேள்வி. முழுதாக விழுங்கினால் 90 மில்லி ஆகிவிடும், துப்ப ஒரு டம்ளர் வையுங்கள்.

கேள்வி: திறந்த பாட்டில் எவ்வளவு நாள் தாங்கும்? படுக்க வைக்கலாமா?

நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் சாராயம் கார்க்கை அரித்து உதிர்க்கும். வெயில் படாத அலமாரி போதும். பாதிக்கு மேல் இருந்தால் ஒன்றிரண்டு ஆண்டு கவலையில்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்தால் உள்ளிருக்கும் காற்று வேலையைக் காட்டும். 200 மில்லி கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி விளிம்புவரை நிரப்புங்கள். புகையுள்ளவை சீக்கிரம் மங்கும், அவற்றை முதலில் முடியுங்கள். கார்க் உடைந்து உள்ளே விழுந்தால் காபி ஃபில்டர் தாளில் வடிகட்டினால் ஒன்றும் ஆகாது. காலியான பாட்டிலின் நல்ல கார்க் ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருங்கள்.