எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே ஆராய்ச்சி எதற்கு? குடியாத்தத்து அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

மகள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மாணவர்களுக்கு நடத்தும் இரண்டு மாத ஆராய்ச்சித் திட்டத்துக்கு எழுதிப் போடச் சொல்கிறார் பேராசிரியர், இதனால் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யில் மார்க் ஏதும் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூடாது. ஆராய்ச்சி செய்ததற்கென்று அந்தத் தேர்வில் தனி மதிப்பெண் கிடையாது. தெரிந்தேதான் சொல்கிறேன், அவள் செய்யட்டும்.

நாளைக்கு எம்.டி.யோ எம்.எஸ்.ஸோ சேர்ந்தால் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். எத்தனை நோயாளிகளைச் சேர்ப்பது, எதை எதோடு ஒப்பிடுவது என்று பலர் அப்போதுதான் முதன்முதலாக யோசிக்கிறார்கள், அதுவும் இரவு டூட்டிக்கு நடுவே. அந்தப் பழக்கம் இப்போதே வந்துவிட்டால் நல்லதுதானே. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று.

நம் வேலூர்ப் பக்கம் மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும். புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்பகத்துக்கு அடியிலோ இருப்பதால் நோயாளிக்கே தெரியாது, தேடிப் பார்க்காத மருத்துவருக்கும் தெரியாது. இந்த நோய் உறுதியானவர்களில் எத்தனை பேருக்கு, சேர்ந்த அன்றே அந்தப் பொருக்கைப் பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதினார்கள்? ஒரு மாணவி இரண்டு மாதத்தில் பார்த்துவிடக்கூடிய கேள்வி இது. அந்தத் தாள்களைப் புரட்டியவள் அப்புறம் எந்தக் காய்ச்சல்காரரையும் அக்குளைப் பார்க்காமல் அனுப்பமாட்டாள்.

மாணவர் செய்வதெல்லாம் ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று 1986-ல் முதலில் தெரியவந்ததே ஒரு மாணவியின் ஆய்வேட்டு வேலையால்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படித்துக்கொண்டிருந்த நிர்மலா, ஆசிரியர் சுனிதி சாலமன் சொல்லி அந்தத் தலைப்பை எடுத்தார். ரத்த மாதிரிகளைச் சோதிக்க அவர் வந்தது நம் வேலூர் சி.எம்.சி.க்கு. ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது இங்கேதான் தெரிந்தது.

சரி, இனி நீங்கள் கவனிக்க வேண்டியது. வழிகாட்டி யார் என்பதுதான் பாதி விஷயம். பெரிய பெயர் தேவையில்லை, வாரம் ஒரு மணி நேரம் அவளோடு உட்காரக்கூடியவராக இருந்தால் போதும். இருநூறு பேரைப் பார்க்கிறேன், ஐந்து நோயை ஆராய்கிறேன் என்று மகள் சொன்னால் குறைக்கச் சொல்லுங்கள். ஆய்வு நோயாளிகளுக்குப் பாதகமில்லாததா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வராமல் ஒரு நோயாளியின் தகவலைக்கூடத் தொடக் கூடாது. நோயாளியிடம் நேரில் கேட்டுச் செய்யும் ஆய்வென்றால் ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். கணியம்பாடியிலிருந்து வரும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு அதை வாய்விட்டு விளக்கி, அவர் 'வேண்டாம்மா' என்றால் முகம் சுளிக்காமல் நகர வேண்டும். மருத்துவராகப் போகிறவளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, பணம் கட்டினால் கட்டுரையில் பெயர் போடுகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வலை வீசுகிறார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். செய்யாத வேலையில் பெயர் இருப்பது பின்னால் அவளுக்கே வினையாகும்.

படிப்பு கெடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. பல்கலைக்கழகத் தேர்வு எந்த மாதம் என்று முதலில் கேளுங்கள். அந்த இரண்டு மாதமும் தேர்வும் மோதினால் இந்த முறை விட்டுவிடட்டும். அடுத்த அறிவிப்பு வரும்போது தகுதி விதிகளைப் பார்த்துவிட்டு எழுதிப் போடலாம், அதற்குள் தலைப்பையும் வழிகாட்டியையும் முடிவு செய்து வைத்துக்கொள்ளட்டும்.