வலிமையான தலைவர் வேண்டும் என்பது பாசிசமா?

கேள்வி: ஐம்பது வயதைக் கடந்தவன் நான். சட்டம் ஒழுங்கு சீராக இருக்க வேண்டும், குற்றவாளிகளுக்குத் தண்டனை தாமதமின்றிக் கிடைக்க வேண்டும், நாட்டின் எல்லை காக்கப்பட வேண்டும், பிள்ளைகள் பெரியவர்களுக்குக் கட்டுப்பட வேண்டும் என்றெல்லாம் நினைப்பவன். நேர்மையான ஒருவரிடம் பத்து ஆண்டுகளுக்கு, யாரும் குறுக்கே நிற்காதபடி, அதிகாரத்தைக் கொடுத்தால் நாடு உருப்படும் என்று அண்மையில் வீட்டில் சொன்னேன். கல்லூரியில் படிக்கும் என் மகள், "நீங்க பேசறது அப்பட்டமான பாசிசம்பா" என்றாள். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இத்தனைக்கும், வெறுப்பைப் பரப்பும் கட்சிகளையும் பத்திரிகைகளையும் தடை செய்ய வேண்டும் என்பவள் அவள். நான் உண்மையிலேயே அப்படிப்பட்டவனா?

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள ஐந்து கருத்துகளில் முதல் நான்கை வைத்து உங்களை யாரும் அந்தப் பெயரால் அழைக்க முடியாது. ஐந்தாவதைப் பொறுத்தவரை, உங்கள் மகள் பயன்படுத்திய சொல் மிகையானது. அவருடைய பதற்றம் மிகையானது என்று நான் சொல்ல மாட்டேன்.

முதல் நான்கும் குடியாட்சியை மதிப்பவர்களும் எதேச்சாதிகாரிகளும் ஒருசேரச் சொல்பவை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மக்கள் ஏற்கெனவே விரும்புகிற ஒன்றைச் சொல்லித்தானே கூட்டம் சேர்க்க முடியும்? 1920 பிப்ரவரி 24 அன்று மியூனிக் நகரில் நாஜிக் கட்சி அறிவித்த 25 அம்சத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கான உதவியைப் பெரிதும் விரிவாக்க வேண்டும், ஏழைப் பெற்றோரின் திறமைமிக்க பிள்ளைகளுக்கு அரசே செலவு செய்து படிப்புத் தர வேண்டும் என்று இன்று எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் இடம்பெறக்கூடிய கோரிக்கைகள் அதில் இருந்தன. யூதர் எவரும் குடிமகனாக இருக்க முடியாது என்ற நான்காவது அம்சமும், பொதுநலனுக்கு எதிரான செய்தித்தாள்களைத் தடை செய்ய வேண்டும் என்ற 23-வது அம்சமும் அதே அறிக்கையில்தான் இருந்தன. முதியோர் உதவியைக் கேட்பதால் ஒருவர் நாஜி ஆகிவிடமாட்டார். ஆனால், அந்த உதவிக்காக அந்தத் திட்டத்தை ஆதரித்தவர், மற்றவரின் குடியுரிமையைப் பறிக்கும் வரிக்கும் சேர்த்தே தலையாட்டினார்.

இந்த வேறுபாட்டில் அறிஞர்களே தடுமாறியிருக்கிறார்கள். பாசிசத்துக்கு இணங்கும் மனப்பாங்கை அளப்பதற்காக ஜெர்மானியச் சிந்தனையாளர் அடோர்னோவும் மற்ற மூவரும் உருவாக்கிய அளவுகோல் 1950-இல் அமெரிக்காவில் வெளியானது. சில வாசகங்களைத் தந்து, அவற்றை ஒருவர் எந்த அளவுக்கு ஏற்கிறார் என்று பார்ப்பது அது. கீழ்ப்படிதலும் பெரியோரை மதித்தலுமே குழந்தைகள் கற்க வேண்டிய முதன்மையான நற்பண்புகள் என்பது அதில் இருந்த வாசகங்களுள் ஒன்று. அதற்கு ஆம் என்றால் மதிப்பெண் கூடும். எல்லா வாசகங்களும் ஒரே திசையில் எழுதப்பட்டிருந்ததால், எதைக் கேட்டாலும் ஆமாம் போடுகிறவர்கள்கூட அதில் எதேச்சாதிகார மனம் கொண்டவர்களாகத் தெரிந்தார்கள் என்ற கண்டனம் பின்னர் எழுந்தது. வீட்டில் கட்டுப்பாட்டை விரும்புகிற தந்தையைக் கொடுங்கோலராக எண்ணிய முதல் ஆள் உங்கள் மகள் அல்லர்.

ஐந்தாவது கருத்துக்கு வருவோம். வலிமையான தலைவரை விரும்புவது தவறில்லை. யாரும் குறுக்கே நிற்காதபடி என்று நீங்கள் சேர்த்துக்கொண்ட சிறு சொற்றொடரில்தான் சிக்கல் இருக்கிறது, ஏனெனில் நீதிமன்றம், எதிர்க்கட்சி, பத்திரிகை, அடுத்த தேர்தல் ஆகியவற்றின் வேலையே குறுக்கே நிற்பதுதான். பண்டைய ரோமானியக் குடியரசு நெருக்கடிக் காலத்தில் தனி ஒருவரிடம் அதிகாரத்தை ஒப்படைத்தபோது ஆறு மாதம் என்று வரம்பு வைத்தது, சீசர் கி.மு. 44-இல் அந்தப் பதவியை வாழ்நாள் முழுமைக்குமாக ஏற்றார். நீங்களோ பேச்சைத் தொடங்கும்போதே பத்து ஆண்டுகளைத் தந்துவிடுகிறீர்கள்.

தலைவர் நேர்மையானவர்தானே என்று கேட்பீர்கள். போர்ச்சுகல்லின் சலாசார் கொயிம்பிரா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். 1928-இல் நிதியமைச்சராகும்போது, எல்லா அமைச்சகங்களின் செலவுகளும் தம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஓராண்டுக்குள் வரவுசெலவில் உபரியைக் காட்டினார், எளிமையாக வாழ்ந்தார். வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்பதைவிடச் சாதாரணமான அரசியல் நம்பிக்கை வேறு இருக்க முடியுமா? 1932-இல் அவர் பிரதமரானார். அடுத்த ஆண்டு புதிய அரசியல் சட்டம் வந்தது. கூடவே தணிக்கையும் இரகசியக் காவல்துறையும் நிலைத்தன. 1968-இல் நோயால் பதவி நீங்கும்வரை அவரே ஆண்டார். அந்த ஆட்சி 1974 ஏப்ரல் 25 அன்று படையினரின் கிளர்ச்சியால்தான் வீழ்ந்தது. நீங்கள் கேட்ட நேர்மையும் சிக்கனமும் அவரிடம் இருந்தன. இடித்துரைப்பவர்களுக்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

ஆகவே, உங்கள் நம்பிக்கை எதுவாயினும் அதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துப் பாருங்கள்: இதை ஏற்காதவரை என்ன செய்வதாக இருக்கிறேன்? நான் நம்பியவர் தவறினால் அவரை நீக்க எனக்கு என்ன வழி மிஞ்சும்? விரைவான தண்டனை வேண்டும் என்பவர், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரும் மேல்முறையீடும் உண்டு என்பதை ஏற்றால் கவலையில்லை. அவற்றைத் தடங்கல்களாகக் கருதத் தொடங்கினால், எல்லை அங்கேதான் இருக்கிறது.

உங்கள் மகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். 1917-இல் ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்த சில நாள்களிலேயே லெனின் தலைமையிலான போல்ஷெவிக்குகள் எதிர்ப்புப் பத்திரிகைகளை மூட ஆணையிட்டார்கள். இது தற்காலிகமானது, இயல்பு நிலை திரும்பியதும் நீக்கப்படும் என்று அந்த ஆணையிலேயே எழுதியிருந்தது. சோவியத் ஒன்றியத்தில் தணிக்கையை ஒழிக்கும் பத்திரிகைச் சட்டம் 1990-இல்தான் வந்தது. அதற்காக உங்கள் மகள் சொல்வது முற்றிலும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மனி 1952-இலும் 1956-இலும் இரு கட்சிகளைத் தடை செய்தது. ஆனால் அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் ஆளுங்கட்சியிடம் இல்லை, அரசியல் சட்ட நீதிமன்றத்திடம் இருந்தது. அதே நீதிமன்றம் 2017-இல் இன்னொரு கட்சியைத் தடை செய்ய மறுத்தும் விட்டது.

உங்கள் முதல் நான்கு கருத்துகளையும் மகளுக்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. குறுக்கே யாரும் நிற்கக்கூடாது என்று சொன்னதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள். பிறகு, தடை செய்ய வேண்டியவற்றின் பட்டியலை யார் தயாரிப்பார், அந்த ஆள் மாறினால் என்ன ஆகும் என்று அவரிடம் கேளுங்கள். மறுத்துப் பேசுவதற்காகவாவது அவர் வாய் திறந்துதான் ஆக வேண்டும்.