"என் ஆடு என்ன திங்கும்?" – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தடுப்பணைகளைப் பற்றி எழுதியபோது சீனாவின் பெயரை ஒரு வரியில் சொல்லியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டன. நான் 27 வருடம் தர்மபுரி பக்கம் நீர்வடிப்பகுதி வேலை பார்த்தவள், அதாவது மழைநீர் ஒரே ஓடைக்கு வடியும் நிலத்தில் மண்ணையும் நீரையும் காக்கும் வேலை. 2006-ல் ஒரு பயிற்சிக் குழுவோடு சீனாவின் ஷான்சி மாகாணத்தில் 12 நாள் இருந்தவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சீனாவில் மொட்டை மலைகளைப் பச்சையாக்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. முன்பு, இப்போது என்று இரண்டு படம். நம்பலாமா?
– வாசகர், தேனி

அது வட சீனாவிலுள்ள லோயஸ் பீடபூமியின் படம் என்றால் நம்பலாம். நான் கண்ணால் பார்த்த மலைகள் அவை.

முதலில் அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். யான்ஆன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், குகை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஊரில் மலைச் சரிவைக் குடைந்துதான் வீடு. சுவர், கூரை எல்லாம் மண்ணே. வீட்டுக்காரப் பெரியவர் ஒரு மண்கட்டியை எடுத்து என் கையில் வைத்தார். கொழுக்கட்டை அளவுதான் இருக்கும், ஆனால் செங்கல் மாதிரி கெட்டி. அதை வாங்கி, தண்ணீர் இருந்த எனாமல் குவளைக்குள் போட்டார். பத்து எண்ணுவதற்குள் கட்டி பொலபொலவென்று கரைந்து மாவாக அடியில் படிந்துவிட்டது. காய்ந்திருக்கும்வரை ஒரு குடும்பத்தையே தாங்கும் மண், நனைந்தால் ஒரு நிமிடம் நிற்காது. அந்த ஊரின் கதையை அந்தக் குவளையிலேயே பார்த்துவிட்டேன்.

காற்று கொண்டுவந்து கொட்டிய மஞ்சள் மண் அது, சுமார் 6,40,000 சதுர கிலோமீட்டருக்கு. நூற்றாண்டுகளாக மரத்தை வெட்டி, செங்குத்தான சரிவில்கூட தினையும் உருளைக்கிழங்கும் போட்டு, மிச்சத்தை ஆடு மேய்ந்து, மலை அம்மணமாகிவிட்டது. கோடையில் நாலு பெரிய மழை பெய்தால் மண் முழுக்க ஓடைக்கு வரும், ஓடையிலிருந்து மஞ்சள் ஆற்றுக்குப் போகும். ஒரு காலத்தில் ஆண்டுக்கு 160 கோடி டன் வண்டலை அந்த ஆறு சுமந்தது. படுகை மேடாகி மேடாகி, கைஃபெங் நகரத்துப் பக்கம் ஆறு ஊரின் தரையைவிட உயரத்தில் ஓடுகிறது.

1994-ல் உலக வங்கிக் கடனோடு ஒரு நீர்வடிப்பகுதித் திட்டம் தொடங்கியது. சரிவுகளைப் படிவயலாக வெட்டினார்கள், ஓடைக்கு ஓடை தடுப்பணை கட்டினார்கள், உச்சியில் மரமும் புதரும் வைத்தார்கள். 1999-ல் அரசு இன்னும் பெரிதாக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் சீனப் பெயருக்கு 'உழவை விட்டு, காட்டைத் திருப்பிக் கொடு' என்று பொருள். 25 டிகிரிக்கு மேல் சாய்ந்த நிலத்தில் உழவு கூடாது. அந்த வருடம் பீடபூமியில் ஏறக்குறைய 32 சதவீத நிலத்தில்தான் பசுமை இருந்தது. 2013-ல் அது 60 சதவீதத்தை நெருங்கியது. ஆற்றில் வரும் வண்டல் பழைய அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. இதில் மரத்துக்கு மட்டும் பங்கு இல்லை. படிவயலும் தடுப்பணையும் நீர்த்தேக்கங்களும் சேர்ந்து செய்த வேலை.

வீடியோவில் வராத ஒன்றையும் சொல்கிறேன். மழை குறைவான வடக்குப் பக்கம், மரம் வைக்கவே கூடாத இடத்திலும் வைத்தார்கள். அங்கே முப்பது வருடமாகியும் ஆள் உயரத்தைச் சற்றே தாண்டி, முறுக்கிக்கொண்டு நிற்கும் பாப்ளர் மரங்கள் உண்டு. ஊர்க்காரர்கள் அவற்றைக் 'குட்டிக் கிழவன் மரம்' என்கிறார்கள். அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிட்டு, தானும் வளராமல் புல்லையும் வளரவிடாமல் நிற்கும். அந்தப் பீடபூமியின் தண்ணீர் தாங்கக்கூடிய எல்லையை மரம் நடுதல் நெருங்கிவிட்டது என்று 2016-லேயே ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்தார்கள். அந்த மண்ணுக்குப் பல இடங்களில் புல்லே போதும். புல் படத்தில் அழகாக விழாது, அவ்வளவுதான்.

அங்கே அரசு உத்தரவு போட்டால் நடக்கும். நம் மாதிரி நாட்டில் முடியுமா?
– கல்லூரி மாணவி, கோவை

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர் இல்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளம்மா.

இதே சீனாவில் 1958-ல் ஊருக்கு ஊர் இரும்பு உருக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கொல்லைப்புற உலைகளுக்கு விறகு வேண்டுமென்று காடு காடாக வெட்டித் தள்ளினார்கள். அதுவும் உத்தரவுதான், அதே வேகத்தில் நடந்தது. பிறகு மரம் நடு என்றும் எத்தனையோ இயக்கம் வந்தது. நட்டார்கள், ஆடு தின்றது, செத்தது. உத்தரவு மட்டும் மலையைக் காப்பாற்றும் என்றால் அப்போதே காப்பாற்றியிருக்க வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. 1990-களில் நாங்கள் ஒரு புறம்போக்குச் சரிவில் ஐயாயிரம் கன்று வைத்தோம். சுற்றி முள்வேலி, காவலுக்கு ஆள். ஒரு வயதான அம்மா பன்னிரண்டு ஆட்டோடு வந்து வேலி ஓரமாக நின்றார். சண்டை போடவில்லை. "மரம் வளரட்டும் கண்ணு, நல்லதுதான். அது வளர்ற வரைக்கும் என் ஆடு என்ன திங்கும்?" என்று கேட்டார். எங்கள் திட்ட அறிக்கை நூற்றி நாற்பது பக்கம். அந்தக் கேள்விக்குப் பதில் அதில் ஒரு பக்கத்திலும் இல்லை. இரண்டாவது வருடம் வேலியும் இல்லை, கன்றும் இல்லை.

சீனாவில் 1999-க்குப் பிறகு மாறியது இந்த இடம்தான். சரிவில் உழவை விட்ட குடும்பத்துக்கு அரசு தானியம் கொடுத்தது. மஞ்சள் ஆற்றுப் பக்கம் ஒரு மூ நிலத்துக்கு வருடம் 100 கிலோ. மூ என்பது சீன நில அளவு, ஏக்கரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. நம் கணக்கில் ஏக்கருக்கு 600 கிலோ. கூடவே மூவுக்கு 20 யுவான் ரொக்கம், கன்று வாங்கத் தனிப் பணம். காட்டு மரம் வைத்தால் எட்டு வருடம், பழமரம் வைத்தால் ஐந்து வருடம் கிடைக்கும். பல சரிவுகளில் உழுது விளைந்ததைவிட இது அதிகம். 2004-ல் தானியத்துக்குப் பதில் பணமாக மாற்றினார்கள். மூன்று கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதில் சேர்ந்தன. வைத்த மரத்தின் பலன் வைத்தவருக்கே என்று எழுதியும் கொடுத்தார்கள். நான் போனபோது லோச்சுவான் பக்கம் ஆப்பிள் தோட்டங்களில் ஒவ்வொரு காய்க்கும் காகிதப் பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தன்னுடைய மரம் என்று தெரிந்தவர்தான் அப்படி ஒவ்வொரு காயாகத் தொட்டுப் பை மாட்டுவார்.

அந்தத் தானியம் எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வருடங்களில் அரசுக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. முந்தின வருடம், 1998-ல், யாங்சி வெள்ளம் வந்து நாடு முழுக்க 4,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். மேலே காட்டை வெட்டியதற்கும் கீழே வெள்ளம் வந்ததற்கும் உள்ள தொடர்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கிடங்கில் தானியமும் மனதில் பயமும் ஒரே நேரத்தில் இருந்ததால் நடந்த காரியம் இது.

அங்கேயும் ஆட்டுக்காரர்களுக்குச் சரியான பதில் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். மேய்ச்சலைத் தடை செய்து, கொட்டிலில் கட்டித் தீனி போடு என்றார்கள். தீனிக்குக் காசு இல்லாதவர்கள் இரவில் ஓட்டிப்போய்த் திருட்டுத்தனமாக மேய்த்தார்கள், பிடிபட்டால் அபராதம் கட்டினார்கள். நிலம் இருந்தவருக்குத் தானியம் கிடைத்தது. ஆடு மட்டும் இருந்தவருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை.

ஒரு பக்கம் உலகத்துக்கே சோலார் பேனல் விற்கிறார்கள், இன்னொரு பக்கம் நிலக்கரியை எரிக்கிறார்கள். இது இரட்டை வேடம் இல்லையா?
– வாசகர், சென்னை

இரண்டும் உண்மை. 2024-ல் மட்டும் சீனா 277 ஜிகாவாட் சோலார் நிறுவியது. அந்த வருடக் கடைசிவரை இந்தியா மொத்தமாக நிறுவியிருந்ததைப்போல் அது ஏறக்குறைய மூன்று மடங்கு. உலகத்தில் எரியும் நிலக்கரியில் பாதிக்கு மேல் எரிப்பதும் அதே சீனாதான். 2030-க்கு முன் கரி உமிழ்வு உச்சத்தைத் தொட்டு இறங்கும், 2060-க்குள் நிகரப் பூஜ்யம், அதாவது வெளிவிடும் கரியும் திரும்ப உறிஞ்சப்படும் கரியும் சமமாகும் என்று 2020-ல் சொன்னார்கள். மறு வருடம், வெளிநாட்டில் புதிதாக நிலக்கரி மின்நிலையம் கட்ட மாட்டோம் என்று ஷி ஜின்பிங் ஐ.நா. சபையில் அறிவித்தார். உள்நாட்டில் கட்டுவதை நிறுத்தவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் வேடம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. கென்யாவைப் பாருங்கள். லாமு என்ற பழைய கடற்கரை ஊரில் சீன வங்கிப் பணத்தோடு 1,050 மெகாவாட் நிலக்கரி நிலையம் வருவதாக இருந்தது. ஊர்க்காரர்கள் சுற்றுச்சூழல் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்று 2019 ஜூனில் அனுமதி ரத்தானது. மறு வருடம் வங்கியும் விலகிக்கொண்டது. அதே கென்யாவில், அதே 2019-ல், சீனக் கடனில் சீன நிறுவனம் கட்டிய 50 மெகாவாட் கரிசா சோலார் நிலையம் ஓட ஆரம்பித்தது. கடன் கொடுத்த நாடு ஒன்றுதான். லாமுவில் மீனவர்கள் கேட்டார்கள், அதனால் நின்றது. பெய்ஜிங்கில் இருப்பவர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட, திட்டம் வரும் ஊரில் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பாகிஸ்தான் கதை வேறு மாதிரி. மின்கட்டணம் தாங்காமல் வீட்டுக்காரர்களும் விவசாயிகளும் தாங்களாகவே பேனல் வாங்கி மாட்டினார்கள். 2024-ல் மட்டும் சீனாவிலிருந்து 17 ஜிகாவாட் அளவுக்கு இறக்குமதியானது. விலை விழுந்தது, மக்கள் வாங்கினார்கள்.

சீனாவில் புல்லில் காளான் வளர்க்கிறார்களாமே? நான் வைக்கோலில் சிப்பிக்காளான் போடுகிறேன்.
– வாசகி, நாமக்கல்

ஆமாம், பெயர் ஜுன்சாவோ. ஜுன் என்றால் காளான், சாவோ என்றால் புல். அங்கே பல காளான் வகைகளை மரக்கட்டையில்தான் வளர்த்தார்கள், அதற்காகக் காட்டை வெட்டினார்கள். ஃபூஜியான் மாகாணத்துப் பேராசிரியர் லின் ஜான்ஷி 1986-ல் மரத்துக்குப் பதிலாகப் புல்லை நறுக்கிப் போட்டு வளர்த்துக் காட்டினார். பாப்புவா நியூ கினி, ஃபிஜி, ருவாண்டா என்று பல நாடுகளுக்கு அது போயிருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது அளவு. ஒரு குடிசை, கொஞ்சம் புல், வித்து இருந்தால் போதும். நட்டம் வந்தாலும் தாங்குகிற அளவு. நீங்கள் வைக்கோலிலேயே போடுங்கள், அதே தத்துவம்தான்.

எங்கட நெடுந்தீவுக்கு சீனாக்காரர் காற்றாலையும் சோலாரும் போடப்போகினம் எண்டு 2021-ல சொன்னவை. பிறகு இந்தியா செய்யும் எண்டவை. நாங்கள் எந்தப் பக்கம் நிற்கவேணும், அம்மா?
– வாசகி, யாழ்ப்பாணம்

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், மகளே.

நடந்ததை மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் ஜெனரேட்டரை நம்பி இருக்கும் தீவுகள். அந்த டீசலும் படகில்தான் வர வேண்டும். காற்றும் வெயிலும் அங்கே தாராளமாக இருக்க, கடல் தாண்டி எண்ணெய் வருகிறது. ஆசிய வளர்ச்சி வங்கிப் பணத்தில் காற்று, சூரியன், பேட்டரி மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம் போட்டார்கள். 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வேலை ஒதுக்கப்பட்டது. நெடுந்தீவு ராமேசுவரத்திலிருந்து 50 கிலோமீட்டர் போலத்தான் இருக்கும். இந்தியா எதிர்த்தது. டிசம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் நிறுத்துகிறோம் என்று சீனத் தூதரகம் அறிவித்தது. அதே நிறுவனம் மாலத்தீவில் 12 தீவுகளுக்குச் சோலார் போட ஒப்பந்தம் செய்துகொண்டு போய்விட்டது. 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையாகச் செய்து தருவதாகக் கையெழுத்திட்டது. வேலைக்கான ஒப்பந்தம் ஆனது 2024 மார்ச்சில். காற்றாலை 530 கிலோவாட், சோலார் 1,700 கிலோவாட், பேட்டரி 2,400 கிலோவாட் மணி, அவசரத்துக்கு டீசல்.

பாதுகாப்புக் கவலையை நான் அற்பமாகச் சொல்லவில்லை. என் நாட்டுக்கு அது இருக்கலாம். ஆனால் முதல் ஒதுக்கீட்டுக்கும் இரண்டாவது ஒப்பந்தத்துக்கும் நடுவில் மூன்று வருடம் போனது. அதில் 2022-ஆம் வருடமும் இருக்கிறது. இலங்கையே டீசலுக்கு வரிசையில் நின்ற வருடம் அது. கொழும்பிலேயே எண்ணெய் இல்லாதபோது, படகில் வரவேண்டிய தீவுக்கு என்ன வந்திருக்கும்? தாமதத்தின் செலவை சீனா கட்டவில்லை, இந்தியா கட்டவில்லை, கொழும்பும் கட்டவில்லை.

உங்கள் நாட்டு நுரைச்சோலையையும் மறக்காதீர்கள். 900 மெகாவாட் நிலக்கரி நிலையம், சீனக் கடன், சீனக் கட்டுமானம். நாட்டுக்கு மின்சாரம் வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் சாம்பல் தூசி விழுகிறது என்று வருடக்கணக்கில் முறையிட வேண்டி வந்தது.

அதனால் எந்தப் பக்கம் என்று கேட்டால், நீங்கள் உங்கள் தீவின் பக்கம் நில்லுங்கள். யார் கட்டினாலும் நான்கு விஷயத்தைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காற்றாலையும் பேனலும் யாருடைய நிலத்தில் வருகின்றன, அங்கே மேயும் மாட்டுக்கும் குதிரைக்கும் வழி என்ன? உப்புக்காற்றில் ஓர் உதிரிப்பாகம் துருப்பிடித்தால் யார் எத்தனை நாளில் மாற்றித் தருவார்? பேட்டரிக்கு ஆயுள் முடிந்தால் புதுசுக்குப் பணம் எங்கே இருக்கிறது? உங்கள் பிள்ளைகளில் யாருக்கு அதைப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள்?

தீவில் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த முறை குறிகாட்டுவானில் படகு ஏறும்போது, எத்தனை பீப்பாய் டீசல் உங்களோடு வருகிறது என்றும் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.