பட்டாளத்து மெடலும் ரெக்கார்டு ஆபீசும்: முன்னாள் படைவீரர் கேள்வி–பதில்

கேள்வி: 1967-ல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தேன், 1982-ல் பென்ஷனோடு வந்தேன். 1971 சண்டையின்போது கிழக்கே இருந்தேன். டிஸ்சார்ஜ் புக்கில் சங்கிராம் மெடல் மட்டும்தான் எழுதியிருக்கிறது. கூட இருந்தவர்களுக்கெல்லாம் உள்ள பூர்வி ஸ்டார் எனக்கு இல்லை. இத்தனை வருஷம் கழித்துக் கேட்டால் கொடுப்பார்களா? யாரிடம் கேட்க?
– முன்னாள் ஹவில்தார், அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ‘டிஸ்சார்ஜ் புக்கைத் திருத்தித் தாருங்கள்’ என்று எழுத ஆரம்பிக்காதீர்கள். அந்தப் புத்தகம் வெறும் நகல்தான். மூலம், ரெஜிமென்ட் ஆட்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசில் உள்ள உங்கள் ஷீட் ரோல், அதாவது பணிப் பதிவேடு.

மெடல் வருகிற வழி இப்படி: தகுதியுள்ள ஆட்களின் பட்டியலை யூனிட் எடுக்கும், பார்ட் டூ ஆர்டரில் (ஆட்களின் பணி விவரங்களை அறிவிக்கும் யூனிட் உத்தரவு) வெளியிடும், அதைப் பார்த்து ரெக்கார்டு ஆபீஸ் ஷீட் ரோலில் ஏற்றும், நீங்கள் வெளியே வரும்போது கிளார்க் அதிலிருந்து டிஸ்சார்ஜ் புக்குக்கு இறக்கி எழுதுவார். இதில் எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியாமல் மனு போடுவதால்தான் பலருக்கு ‘ரெக்கார்டில் இல்லை’ என்ற ஒற்றை வரி பதிலாக வருகிறது. ஷீட் ரோலில் இருந்து புத்தகத்தில் மட்டும் விட்டுப்போயிருந்தால் வேலை லேசு. பார்ட் டூ ஆர்டர் இருந்து ஷீட் ரோலில் ஏறாமல் போயிருந்தால், ஆர்டரின் எண்ணையும் தேதியையும் காட்டினால் போதும். பார்ட் டூ ஆர்டரே போடவில்லை என்றால்தான் சாட்சி தேட வேண்டும்.

போர்க்காலத்தில் பட்டியலில் விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் வேறொரு யூனிட்டோடு அட்டாச்மென்டில், அதாவது தற்காலிகமாகச் சேர்ந்து, இருந்தவர்கள், ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள், சண்டை முடிந்த கையோடு மாறுதலில் போனவர்கள். பழைய யூனிட் ‘புது யூனிட் எழுதிக்கொள்ளும்’ என்று விட்டுவிடும். புது யூனிட்டுக்கு விஷயமே தெரியாது. உங்கள் கதையும் இதில் ஒன்றா என்று யோசித்து, அட்டாச்மென்ட் இருந்திருந்தால் இரண்டு யூனிட் பெயரையும் மனுவில் எழுதுங்கள்.

தகுதியையும் ஒருமுறை சரிபாருங்கள். பூர்வி ஸ்டார், 1971 டிசம்பர் 3 முதல் 16 வரை கிழக்குப் போர்முனையில் பணியில் இருந்தவர்களுக்கு. மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார். சங்கிராம் மெடல் அப்படியில்லை. 1971 டிசம்பர் 3-லிருந்து 1972 டிசம்பர் 20 வரையிலான பணிக்கு, போர்முனையில் இல்லாதவர்களுக்கும் அது உண்டு. ஆகவே ‘சங்கிராம் கொடுத்தவர்கள் பூர்வி ஏன் கொடுக்கவில்லை’ என்ற வாதம் நிற்காது. அந்த டிசம்பரில் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் கேள்வி.

மனு போகவேண்டிய இடம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்டு ஆபீஸ். (மற்றவர்களுக்கு: மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, இ.எம்.இ. என்ற இயந்திரப் பராமரிப்புப் படை செகந்திராபாத், டி.எஸ்.சி. என்ற பாதுகாப்புக் காவல் படை கண்ணூர், விமானப்படை டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மும்பை.) ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். ஆர்மி நம்பர், ரேங்க், ரெக்கார்டில் உள்ளபடி பெயர், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, டிசம்பர் 1971-ல் இருந்த யூனிட், கம்பெனி, இடம், கேட்கும் பதக்கம். இவ்வளவும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். நம்பருக்குக் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். நாயப் சுபேதார், சுபேதார் நிலைக்கு உயர்ந்தவர்களுக்கு ஜே.சி. என்று தொடங்கும் புது நம்பரும், பிறகு டி.எஸ்.சி.யில் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு நம்பரும் இருக்கும். 1971-ல் சிப்பாயாக இருந்தவர் ஜே.சி. நம்பரை மட்டும் எழுதினால் பழைய பட்டியலில் அவர் பெயர் அகப்படாது.

டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்கள், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஆதார் ஆகியவற்றின் நகல்களில் கையெழுத்துப் போட்டு இணையுங்கள். மூலத்தை அவர்கள் கேட்காமல் அனுப்ப வேண்டாம். மனுவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு பிரதியை ஸ்பீட் போஸ்டில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரசீதின் தேதி பின்னால் வேலைக்கு வரும்.

பார்ட் டூ ஆர்டர் இல்லை என்று வந்தால் டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். மூவ்மென்ட் ஆர்டர், லீவு சர்டிபிகேட், ஆஸ்பத்திரிச் சீட்டு, பே புக் எது கிடைத்தாலும் நல்லது. பலரும் குப்பை என்று போட்டுவிடுவது அப்போது ஊருக்கு எழுதிய கடிதங்களின் உறைகளை. கிழக்கே இருந்தவர்களின் விலாசம் 99 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்), மேற்கிலும் வடக்கிலும் 56 ஏ.பி.ஓ. உறைமேல் விழுந்த பீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரையில் எண்ணும் தேதியும் தெரிந்தால், அந்தத் தேதியில் நீங்கள் எந்தப் பக்கம் இருந்தீர்கள் என்பதற்கு அரசாங்கமே போட்ட அடையாளம் அது. அதுமட்டும் முழுச் சாட்சி ஆகாது. கூடப் பணியாற்றி அதே பதக்கம் வாங்கிய இருவரின் உறுதிமொழிப் பத்திரம், அவர்கள் டிஸ்சார்ஜ் புக் நகலோடு சேர்ந்தால் பலம் கூடும்.

கேள்வி: என் பெயர் சான்றிதழில் ஒரு மாதிரி, பட்டாளத்தில் வேறு மாதிரி. ஊர், மாவட்டம் எல்லாம் பழைய எழுத்தில் இருக்கிறது. முதலில் பெயரை மாற்றிவிட்டுத்தான் மெடல் கேட்க வேண்டுமா?
– வாசகர், களக்காடு

பதில்: வேண்டாம். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் பெயர் விவகாரம் முடிகிறவரை மெடலும் கிடப்பில் கிடக்கும். நம் பக்கத்து இசக்கி, சுடலை, மாடசாமியை எல்லாம் வடக்கத்தி கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்; பதக்கத்தின் விளிம்பில் பொறிப்பதும் அந்தப் பெயரைத்தான். ரெக்கார்டில் உள்ள பெயரிலேயே கேளுங்கள். ஆதாரில் உள்ளவரும் ரெக்கார்டில் உள்ளவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் இணையுங்கள். பழைய ஏட்டில் ‘டின்னவெல்லி’, ‘பாளம்கோட்டா’ என்று இருப்பது அந்தக் காலத்து ஆங்கில வழக்கு, பிழையில்லை. தென்காசி 2019-லும் தூத்துக்குடி 1986-லும்தான் தனி மாவட்டமாயின. அந்தப் பக்கத்துக்காரர்களின் ஏட்டில் திருநெல்வேலி என்றே இருக்கும். இப்போதைய விலாசத்தைப் பின்கோடோடு தனியாக எழுதிவிடுங்கள், அனுப்பிய பதக்கம் திரும்பிப் போகாமல் இருக்க.

ஒன்று மட்டும்: டிஸ்சார்ஜ் புக்கில் நீங்களே பேனா எடுத்து ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள். லேமினேஷனும் செய்யாதீர்கள், திருத்தம் கிடைத்தால் முத்திரை குத்த அவர்களுக்கு இடம் வேண்டும்.

கேள்வி: எங்க அய்யா 1965 சண்டையில் இருந்தார். பென்ஷன் வருமுன்னே வந்துவிட்டார், இப்போது உயிரோடு இல்லை. மெடல் எதுவும் வாங்கவில்லை. அம்மா பெயரில் கேட்கலாமா?
– வாசகி, வள்ளியூர்

பதில்: கேட்கலாம். அந்தப் போருக்குச் சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும் உண்டு; சமர் சேவா ஸ்டாருக்குக் கணக்கில் வரும் காலம் 1965 ஆகஸ்ட் 5 முதல் 1966 ஜனவரி 25 வரை. அய்யாவின் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் நகல் ஆகியவற்றோடு அம்மா கையெழுத்திட்டு விண்ணப்பிக்கட்டும்.

சிக்கல் வேறு இடத்தில். பென்ஷன் இல்லாதவர்களின் ஷீட் ரோலை 25 ஆண்டுகளுக்குப் பிறகு விதிப்படி அழித்துவிடுவார்கள். நிரந்தரமாக வைத்திருப்பது லாங் ரோல் என்ற சுருக்கப் பதிவை மட்டும். அதனால் ‘ஆவணம் அழிக்கப்பட்டது’ என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாமல், லாங் ரோல் பதிவின் நகலைக் கேளுங்கள். வீட்டில் உள்ள டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்தான் இப்போது உங்களுக்கு முதல் ஆவணம். எலி கடிக்கிற பெட்டியில் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: தகவல் உரிமைச் சட்டத்தில் ‘எனக்கு ஏன் மெடல் தரவில்லை’ என்று கேட்டேன். இது தகவலே இல்லை என்று பதில் வந்தது.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சரியான பதில்தான் வந்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் ஆவணம் வாங்கலாம். காரணம் விசாரிக்கவும் தீர்வு கேட்கவும் அது வழியில்லை. இப்படிக் கேளுங்கள்: என் ஷீட் ரோலில் பதக்கங்கள் பற்றிய பகுதியின் சான்றிட்ட நகல், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என் பணியிட விவரம், எனக்குப் பதக்கம் அறிவித்த பார்ட் டூ ஆர்டரின் நகல். கட்டணம் 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு. உண்மையில் மனு போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

கேள்வி: ரெக்கார்டு ஆபீஸ் மறுத்துவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போகணுமா?
– வாசகர், நாங்குநேரி

பதில்: ஆயுதப்படைத் தீர்ப்பாயம், சென்னை அமர்வு. மறுத்து வந்த கடிதத்தின் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். பதிலே வராவிட்டால், மனு கொடுத்து 6 மாதம் முடிந்ததிலிருந்து இன்னொரு 6 மாதம். மேலே ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்குத்தான். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்கும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு. ஆனால் எழுத்தில் மனு கொடுக்காமல் நேரே போனால் ‘முதலில் துறையிடம் கேட்டுவிட்டு வா’ என்று திருப்பிவிடுவார்கள். வாயால் கேட்டதும் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுந்து சொன்னதும் அங்கே கணக்கில் வராது.

கேள்வி: பூர்வி ஸ்டார் கிடைத்தால் மாதாமாதம் பணம் உண்டா?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: கிடையாது. பணம் உள்ளது வீர் சக்ரா போன்ற வீர விருதுகளுக்கு. போரில் பணியாற்றியதற்கான பதக்கத்துக்கு இல்லை. ‘அரியர்ஸோடு வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஓய்வு பெறும்போது நாயப் சுபேதார். மெடலில் நாயக் என்று பொறித்திருக்கிறது. மாற்றலாமா? அப்பா காலமானபின் மகன் அதை அணியலாமா?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: மாற்ற வேண்டியதில்லை. பதக்கத்துக்குத் தகுதி பெற்ற நாளில் இருந்த ரேங்கும் நம்பரும் பொறிப்பதுதான் வழக்கம். மகன் அணியலாம், வாங்கியவர் இடப்பக்க மார்பில் அணிவார், குடும்பத்தார் வலப்பக்கம் குத்திக்கொள்வார்கள்.