ழான் மொரோ: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: பிரெஞ்சு நடிகை ழான் மொரோ என்றாலே எல்லோரும் ஒரு இரவு நடையைச் சொல்கிறார்கள். அது எந்தப் படம்?

பதில்: லூயி மால் இயக்கி 1958-இல் வெளிவந்த 'தூக்குமேடைக்கு லிஃப்ட்'. கணவனைக் கொல்லக் காதலனை அனுப்பிவிட்டு ஒருத்தி காத்திருக்கிறாள். அவனோ லிஃப்டில் மாட்டிக்கொள்கிறான். அது தெரியாமல் பாரிஸ் தெருக்களில் இரவெல்லாம் அவனைத் தேடி அலைகிறாள். ஒளிப்பதிவாளர் ஆன்றி தெக்காயே, கேமராவைக் குழந்தையைத் தள்ளும் வண்டியில் வைத்து, ஷான்ஸ் எலிசே என்ற பெரிய வீதியின் கடை வெளிச்சத்தை நம்பியே எடுத்தார். ஒரு கடையைத் தாண்டும்போது முகம் தெரியும், அடுத்த எட்டில் இருட்டுக்குள் போய்விடும். மேக்கப் இல்லாததால் கண்ணுக்குக் கீழே உள்ள களைப்பு மறையாமல் நிற்கும். நடிகையின் முகத்தையே கெடுக்கிறார்கள் என்று பிலிம் கழுவும் லேபில் இருந்தவர்கள் தயாரிப்பாளரிடம் முறையிட்டார்களாம். எனக்கோ அந்த முகத்துக்காகவே படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கவில்லை.

கேள்வி: அந்த டிரம்பெட் இசை?

பதில்: அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். 1957 டிசம்பரில் ஒரே இரவில், காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே வாசித்தது.

கேள்வி: அதுதான் மொரோவின் முதல் படமா?

பதில்: இல்லை, அதற்குமுன் பல படங்கள் நடித்துவிட்டார். 1928-இல் பாரிஸில் பிறந்தவர். அம்மா இங்கிலாந்திலிருந்து வந்த நடனக்காரர். அப்பா உணவகம் நடத்தியவர், மகள் நடிப்பதில் அவருக்கு இஷ்டமில்லை. இருந்தும் கொமெதி ஃப்ரான்சேஸ் நாடக அரங்கில் சேர்ந்து பெயர் வாங்கினார். ஆனால் சினிமா அவரை அழகியாகவே மதிக்கவில்லை. கனமான மேக்கப் போட்டு முகத்தை மூடினார்கள். மால் அதைத் துடைத்தார், அவ்வளவுதான்.

கேள்வி: 'ஜூலும் ஜிம்மும்' படத்தில் பாடுவது மொரோவின் குரல்தானா?

பதில்: அவர் குரலேதான். பாடும்போது வரிகளை மாற்றிப் பாடிவிட்டு, கையால் சின்னதாகச் சைகை காட்டுவார். இயக்குநர் த்ரூஃபோ அந்த ஷாட்டைத் திரும்ப எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். எவ்வளவு நல்ல முடிவு!

கேள்வி: படம் இயக்கியிருக்கிறாரா? விருதுகள்?

பதில்: 1976-இல் 'லூமியேர்', 1979-இல் இன்னொன்று. 1960-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை, 1992-இல் பிரெஞ்சு சினிமாவின் சேசார் விருது. பிரெஞ்சு நுண்கலை அகாதமிக்குத் தேர்வான முதல் பெண்ணும் இவர்தான். 2017-இல் காலமானார்.

கேள்வி: லிஃப்ட் படம் பார்த்துவிட்டேன். அப்புறம் எது?

பதில்: இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் 'இரவு', 1961. அதிலும் நடக்கிறார். இம்முறை மிலானில், பகலில், பேச்சே இல்லாமல். வெட்டவெளியில் இளைஞர்கள் ராக்கெட் விடுவதை நின்று பார்க்கும் இடத்தில் அவர் முகத்தைக் கவனியுங்கள்.