விலகிப் போனவரின் நன்றி

அன்புள்ள ஐயா,

வட கரோலினாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். பதினான்கு வருடங்களாக இங்குள்ள ஐக்கிய மெதடிஸ்டு சபைக்குப் போகிறோம். வந்த புதிதில் எங்களுக்கு இங்கே யாரையும் தெரியாது. சபைப் பெரியவர் ஒருவர்தான் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவின் நன்றி நாளான தேங்க்ஸ்கிவிங்குக்கு முதல் விருந்து சாப்பிட்டது அவர் வீட்டில். என் மகளுக்கு அவர் மனைவி பியானோ சொல்லிக்கொடுத்தார்.

2023இல் எங்கள் சபையில், ஐக்கிய மெதடிஸ்டு அமைப்பிலிருந்து வெளியேறுவதா இருப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தது. தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்குத் திருமணம் செய்துவைப்பது, அவர்களைப் போதகர்களாக ஏற்பது பற்றிய சண்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. கொஞ்சத்தில் தவறியது. தோற்றவர்கள் கூட்டமாகப் போய்விட்டார்கள். இப்போது ஒரு பள்ளிக்கூட அரங்கில் ஆராதனை நடத்துகிறார்கள். அந்தப் பெரியவரும் போய்விட்டார். ஞானஸ்நானம் கொடுத்த சபை, கல்யாணம் நடத்திவைத்த சபை, அப்பா அம்மாவை அடக்கம் செய்த சபை. விட்டுப்போக எப்படி மனம் வந்தது? செய்ந்நன்றி கொன்றவருக்கு உய்வில்லை என்று வள்ளுவர் சொன்னது இவரைப் போன்றவர்களைத்தானே? நன்றி கெட்டவர் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது பாதி இருக்கைகள் காலி. புதிதாக வந்திருக்கும் பாஸ்டர் அம்மா, தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்திய ஞாயிறு என்னை ஐந்து நிமிடம் நன்றிச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார். “நீங்கள் வேறு நாட்டிலிருந்து வந்தவர், நீங்கள் சொன்னால் எல்லாருடைய மனதையும் தொடும்” என்றார். என்ன பேசுவது? பதினாறு வயது மகளோ, பூர்வகுடிகளின் நிலத்தைப் பிடுங்கியவர்களின் பண்டிகை இது, பேசவே பேசாதே என்கிறாள்.

ஜெ.

அன்புள்ள ஜெ.,

உங்கள் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1970 முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் பிளிமத் ஊரில் பூர்வகுடிகள் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். அதைப் பற்றி அவளுடன் உட்கார்ந்து பேசுங்கள். என்னால் இங்கே அதற்குள் போக முடியாது.

திருமணச் சண்டையில் என் நிலையை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் எழுதப்போவதைத் தவறாக எடுத்துக்கொள்வார்கள். 2024இல் உங்கள் மாநிலத்திலேயே, சார்லட் நகரில் கூடிய ஐக்கிய மெதடிஸ்டு பொது மாநாடு, அந்தத் திருமணங்களுக்கும் போதகப் பணிக்கும் இருந்த தடைகளை நீக்கியது சரியான முடிவு. உங்கள் பெரியவர் தவறான காரணத்துக்காகத்தான் போயிருக்கிறார்.

தவறான காரணம் என்றுதான் சொல்கிறேன். நன்றி கெட்டவர் என்று நீங்கள் எழுதியதை ஏற்க மாட்டேன். அதற்காகத்தான் இந்தப் பதிலே. உங்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனிதரை, குறளைக் கையில் எடுத்துக்கொண்டு அடிக்கிறீர்கள். அந்தக் குறளை ஒருவர் தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம். அடுத்தவர் மேல் தீர்ப்பெழுத அதை எடுப்பது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது.

சில மாதங்களாக ரிச்சர்டு ஆலனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது. ஆலன் 1760இல் அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் போதகர். டெலவேரில் ஒரு பண்ணையில் இருந்தபோது, குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த மெதடிஸ்டுகளைக் கேட்டு மனம் மாறினார். அவருடைய எஜமானர் வீட்டுக்கும் அந்தப் பிரசங்கியார்கள் வந்தார்கள். ஃப்ரீபார்ன் காரெட்சன் என்பவர் “தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்” என்ற தானியேல் வசனத்தை எடுத்துப் பேசினார். அதைக் கேட்ட எஜமானருக்கு அடிமை வைத்திருப்பது உறுத்தத் தொடங்கியது. ஆலன் உழைத்துச் சம்பாதித்துத் தன் விடுதலையை விலைகொடுத்து வாங்கிக்கொள்ள அவர் சம்மதித்தார். ஆக, ஆலனுக்கு விசுவாசம் வந்தது மெதடிஸ்டுகளால். விடுதலைக்கு வழி திறந்ததும் அவர்களால். இதைவிடப் பெரிய நன்றிக்கடன் ஒரு மனிதனுக்கு ஒரு சபையின் மேல் இருக்க முடியுமா?

அவர் பிலடெல்பியாவுக்கு வந்து புனித ஜார்ஜ் மெதடிஸ்டு ஆலயத்தில் பிரசங்கித்தார். அவரைக் கேட்கக் கறுப்பர்கள் திரண்டு வந்தார்கள். இடம் போதவில்லை. மேல்மாடம் கட்டினார்கள், தரை புதிதாகப் போட்டார்கள். அதற்குக் கறுப்பர்களும் தாராளமாகப் பணம் கொடுத்தார்கள். வேலை முடிந்து உட்காரப் போன ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆலனின் நண்பர் அப்சலோம் ஜோன்ஸைச் சபைப் பொறுப்பாளர் ஒருவர் பிடித்து எழுப்பினார். இங்கே முழங்காலிடக் கூடாது என்றார். ஜெபம் முடியட்டும் என்று ஜோன்ஸ் கேட்டுக்கொண்டார். அதற்கும் விடவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பர்கள் எல்லாரும் ஒன்றாக எழுந்து வெளியே போனார்கள்.

புனித ஜார்ஜ் ஆலயத்துப் பெரியவர்கள் உங்கள் குறளை அறிந்திருந்தால் அன்று அதைத்தான் சொல்லியிருப்பார்கள். உன்னை மனிதனாக்கிய சபை, உனக்குப் பிரசங்க மேடை கொடுத்த சபை என்று கேட்டிருப்பார்கள். அந்த மேல்மாடத்துக்குக் கறுப்பர்கள் கொடுத்த பணம் மட்டும் யாருடைய கணக்கிலும் வந்திருக்காது. நன்றி என்ற பெயரில் நடக்கும் கணக்குகளில் எப்போதும் இதுதான் நடக்கிறது. வாங்கியவன் வாங்கியது மட்டும் எழுதப்படுகிறது, அவன் கொடுத்தது எழுதப்படுவதில்லை. கொடுத்தவர்கள் கையில்தான் பேனா இருக்கிறது.

வெளியேறியவர்கள் தனியாக ஆலயம் கட்டத் தொடங்கியபோது, எந்தத் திருச்சபையோடு சேர்வது என்று வாக்கெடுப்பு வந்தது. உங்கள் சபையைப் போலவேதான். பெரும்பான்மை ஆங்கிலத் திருச்சபை என்றது. மெதடிஸ்டு என்று வாக்களித்தவர்கள் ஆலனும் ஜோன்ஸும் மட்டும். ஜோன்ஸ் பெரும்பான்மையோடு போய் அவர்களுடைய போதகரானார். ஆலனைத்தான் முதலில் அழைத்தார்கள். தன்னால் மெதடிஸ்டு அல்லாத வேறொன்றாக இருக்க முடியாது என்று அவர் மறுத்துவிட்டு, தனியாகப் பெத்தேல் ஆலயத்தைத் தொடங்கினார். அவரை விரட்டிய சபையின் பெயரைத்தான் கடைசிவரை சுமந்தார். அதன் வெள்ளைத் தலைமை பெத்தேலின் சொத்தைத் தன் பிடியில் வைக்கப் பார்த்தது. 1815இல் ஆலயம் ஏலத்துக்கே வந்தது. தன் சபையார் கட்டிய ஆலயத்தைப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் கொடுத்து ஆலன் ஏலத்தில் எடுக்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் தன் வாழ்க்கையை எழுதியபோது, ஒரு மெதடிஸ்டு பிரசங்கம் செய்யக் கேட்டதற்காகத் தான் நன்றியுள்ளவனாக இருப்பதாக எழுதினார். நற்செய்தியை எங்களிடம் முதலில் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான் என்றும் எழுதினார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடும். முழு நன்றியோடு முழுதாக வெளியே போக ஒரு மனிதனால் முடிந்திருக்கிறது.

ஆலனையும் உங்கள் பெரியவரையும் ஒரே தட்டில் வைக்கிறாரே என்று நீங்கள் கொதிப்பீர்கள். வைக்கவில்லை. ஆலனின் நண்பரை ஜெபத்திலிருந்து இழுத்து எழுப்பினார்கள். உங்கள் பெரியவரை யாரும் தொடவில்லை. அவர் வேறு சிலரை முழங்காலிட விடமாட்டேன் என்று போனவர். அந்த வித்தியாசம் மிகப் பெரியது, அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஆனால் வாதம் அந்தக் காரணத்தைப் பற்றி நடக்கட்டும். நன்றி கெட்டவன் என்று சொன்ன கணத்தில் காரணத்தைப் பற்றிய பேச்சு நின்றுவிடுகிறது. நாளைக்கு உங்கள் மகள் நியாயமான ஒரு காரணத்துக்காக உங்கள் சபையை விட்டு எழுந்தால் அவளையும் இதே வார்த்தையால் உட்காரவைப்பீர்கள்.

நம்மிடம் செஞ்சோற்றுக்கடன் என்று ஒன்று உண்டு. கர்ணனுக்காக அழுது அழுது, சாப்பிட்ட சோற்றுக்காகத் தப்பான பக்கத்தில் நிற்பதைப் பெருமையாக ஆக்கிவிட்டோம். அரசியல் கட்சிகளில், ஆபீசில், குடும்பத்தில் எவ்வளவு அநியாயம் இதனால் நிலைத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கம்பனின் கும்பகர்ணன் இன்னும் நுட்பமானவன். வளர்த்து, போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று தன்னைப் பற்றிச் சொல்கிறான். அதே மூச்சில், விட்டுப் போன தம்பி வீடணனிடம், என் துயரத்தைத் தீர்க்க வேண்டுமானால் நீ சீக்கிரம் ராமனிடமே திரும்பிப் போ என்கிறான். தன் கடனைத் தம்பியின் தலையில் வைக்கவில்லை. உங்கள் சபையில் தங்கியவர்களிடம் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

என் அப்பாயி கரூர்ப் பக்கத்து வெஸ்லியன் சபை, அதாவது மெதடிஸ்டு. 1947 செப்டம்பர் 27இல் சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, அவருடைய சபையும் அதற்குள் போனது. வெஸ்லியன்களுக்கு அதுவரை பேராயர் கிடையாது. திடீரென்று ஒரு பேராயர் வந்தது அவருக்குக் கடைசிவரை ஜீரணமாகவில்லை. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதும், “அது அவங்க வழக்கம், நம்ம வழக்கமில்ல” என்று ஆராதனை நடக்கும்போதே சத்தமாகச் சொல்வார். ஆனால் அறுப்பின் பண்டிகைக்குத் தன் தென்னையின் முதல் குலை ஆலயத்துக்குப் போயாக வேண்டும். பூசணி, கோழி, நெல்மூட்டை, ஒற்றை முட்டை எல்லாம் ஏலம் போகும். எடுத்தவரே அந்த முட்டையைத் திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச்சொல்வார். ஒருமுறை சபைச் செயலாளர் கேட்டார்: “இத்தனை குறை சொல்றீங்களே ஆத்தா, காணிக்கை மட்டும் எதுக்கு?” அப்பாயி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மரம் இந்த வருசமும் காச்சுதில்ல?” என்றார்.

பாதி இருக்கைகள் காலி என்று நீங்கள் வருந்துவதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. உங்கள் சபை எந்தக் காலத்தில் மாறாமல் இருந்தது? 1784இல் பால்டிமோரில் கூடிய மாநாடு, மெதடிஸ்டுகள் தங்கள் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று விதித்தது. அடுத்த ஆண்டே அந்த விதியை நிறுத்திவைத்தது. 1844இல் அடிமை வைத்திருந்த ஒரு பேராயரை முன்னிட்டு வடக்கும் தெற்கும் பிளந்தன. 1939இல் சேர்ந்தபோது, கறுப்பர் சபைகளைத் தனி வட்டாரமாக ஒதுக்கிவைத்துத்தான் சேர்ந்தன. அந்த ஒதுக்கல் சட்டம் 1968இல்தான் போனது. 2019க்கும் 2023க்கும் இடையில் 7,600க்கும் மேற்பட்ட சபைகள் போயிருக்கின்றன, அமெரிக்காவில் இருந்தவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்று. பெரிய இழப்புதான், எனக்கும் வலிக்கிறது. ஆனால் நீங்கள் நினைத்து ஏங்கும் அந்தப் பழைய நிம்மதியான சபை யாருக்கு நிம்மதியாக இருந்தது என்று கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஐந்து நிமிடத்துக்கு வருகிறேன். வேறு நாட்டிலிருந்து வந்தவர் நன்றி சொன்னால் மனதைத் தொடும் என்று பாஸ்டர் அம்மா சொன்னது நல்லெண்ணத்தில்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. பதினான்கு வருடம் ஞாயிறுதோறும் அந்தச் சபைக்குப் போயிருக்கிறீர்கள். நாற்காலி மடித்திருப்பீர்கள், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்குப் புளியோதரை கொண்டுபோயிருப்பீர்கள், காணிக்கைத் தட்டில் போட்டிருப்பீர்கள். உங்களுக்கு யாராவது எழுந்து நன்றி சொன்னார்களா? நீங்கள் அங்கே விருந்தாளி இல்லையம்மா. அடைக்கலம் கிடைத்தவளின் பணிவோடு நிற்காதீர்கள். அந்த மேல்மாடத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருத்தியாக நின்று பேசுங்கள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் அப்சலோம் ஜோன்ஸைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கச் சட்டம் தடைசெய்த முதல் நாள், 1808 ஜனவரி 1, அவர் தன் சபையில் ஒரு நன்றிப் பிரசங்கம் செய்தார். எகிப்தில் ஜனங்களின் உபத்திரவத்தைக் கண்டேன், அவர்கள் கூக்குரலைக் கேட்டேன் என்று கடவுள் மோசேயிடம் சொல்லும் வசனம்தான் தலைப்பு. கப்பலில் பட்ட பாட்டையும் பிள்ளைகளைப் பிரித்து விற்றதையும் சொன்ன பிறகே நன்றிக்கு வந்தார். அடிமைமுறை ஒழியவில்லை, வணிகத்துக்கு மட்டுமே தடை. அது அவருக்குத் தெரியும். பாதி வந்த மாற்றத்துக்கு நன்றி சொல்லி, மீதிக்காக ஜெபிக்கச் சொன்னார். அந்த நாளை ஆண்டுதோறும் நன்றி நாளாகக் கொண்டாட வேண்டும் என்றும் கேட்டார். 1816இல் ஆலன் பேராயராக அபிஷேகம் பெற்றபோது, வேறு திருச்சபைக்குப் போய்விட்ட இதே ஜோன்ஸ் வந்து அவர் தலைமேல் கை வைத்தார்.

காலி இருக்கைகளை முதலில் சொல்லுங்கள். பிறகு அந்தப் பெரியவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததையும், அவர் மனைவியின் பியானோவையும் சொல்லுங்கள். முந்தின நாளே அவருக்குப் போன் செய்து இதைச் சொல்லிவிடுங்கள், அவர் போனது தவறு என்று நினைப்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். விலகியவர் பெயர் மேடையில் வேண்டாமே என்று பாஸ்டர் அம்மா தயங்கினால், ஆலனின் சுயசரிதையை அவரிடம் கொடுங்கள். சின்னப் புத்தகம், ஒரு சாயங்காலத்தில் படித்துவிடலாம்.